புளியில் மங்காத எட்டு

அத்தியாயம் 5

சந்தனமாரி மதினி யார் வீட்டுப் படியும் ஏறுகிற ஆள் இல்லை. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆவுடையப்பன் அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி போன பிறகும் தெருதான் அவள் வீட்டுக்குப் போகும், அவள் தெருவுக்கு வருவதில்லை. அப்படிப்பட்டவள் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மூட்டுவலியோடு பதினேழு படி ஏறி எங்கள் அலுவலகத்தில் வந்து மூச்சு வாங்கியபோதே, விஷயம் மருமகளைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூட்டுவலியை ஜெயிக்கிற வலி அவளுக்கு வேறு கிடையாது.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பேக்கரிக்கு மேலே ஒரு அறை, ஒரு மின்விசிறி, 'இசக்கி துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. இசக்கிச்செல்வி அக்கா இருபத்திரண்டு வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருந்தவள். கண்டெய்னருக்குள் இருப்பது ஒன்று, தாளில் எழுதியிருப்பது இன்னொன்று என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்துப் போனது. இப்போது அதே வேலையை மனிதர்களிடம் செய்கிறாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பு. நான் ஜாய், அவளுக்கு உதவியாள். சந்தனமாரி வீட்டுக்கு எதிர்வீடு. முன்பு சும்மா செய்ததை இப்போது சம்பளத்துக்குச் செய்கிறேன். வம்பு என்று சொல்லி முகத்தைத் திருப்பியவர்களே இப்போது தகவல் என்று சொல்லிக் கேட்டு வருகிறார்கள்.

சந்தனமாரி மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து மேசையில் அவிழ்த்தாள். உள்ளே ஒரு முத்துமாலை. நடுவில் கோழிமுட்டை அகலத்துக்குத் தங்கப் பதக்கம். அண்ணாச்சி முப்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிப் போட்டது, நாற்பது முத்து. முன்பெல்லாம் ஒரு கல்யாணம் விடாமல் நான் பார்த்திருக்கிறேன். அது அந்த மாலைதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பதக்கம் நேற்றுக் கடையிலிருந்து வந்தது போலப் பளபளக்கிறது. முத்துகளோ வகுப்பறையில் மிஞ்சிய சாக்பீஸ் துண்டுகளை உருட்டிக் கோத்த மாதிரி வெளுத்துக் கிடந்தன.

அவள் சொன்னதை அவள் நீளத்துக்குச் சொன்னால் மத்தியானம் ஆகிவிடும். சுருக்கம் இதுதான். போன மாதம் எட்டயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு மருமகள் செல்வராணி இந்த மாலையைப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்து மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் பீரோவில் வைத்தாள். நான்கு நாள் முன்பு எடுத்துப் பார்த்தால் இப்படி. அசலை எடுத்துக்கொண்டு போலியைக் கோத்துக் கொடுத்துவிட்டாள் மருமகள். வேம்பாரில் இருக்கும் சம்பந்தி பாண்டியராஜுக்கு நேற்று போன் போட்டு, உங்கள் பெண்ணுக்குக் கை நீளம், வந்து கூட்டிப் போங்கள் என்று சொல்லியாகிவிட்டது. இன்று நான்கு மணிக்கு அவர் வருகிறார். அதற்குள், முத்தை எந்தக் கடையில் விற்றாள் என்று மட்டும் கண்டுபிடித்துச் சொன்னால் போதும்.

"அப்போ தீர்ப்பு எழுதியாச்சு, சாட்சிதான் பாக்கி," என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாலையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மதினி, இதுல எட்டு முத்து மங்கல. கொக்கிகிட்ட, பின்னங்கழுத்துல இருக்கிறது."

"அந்த எட்டுதான் அசல். எல்லாத்தையும் மாத்துனா மாட்டிக்கிடுவோம்னு எட்டை மட்டும் விட்டு வச்சிருக்கா. படிச்ச களவாணி."

"சரி. இத வேற யாராவது வெளிய போட்டுட்டுப் போனாங்களா?"

"நாலு வருசத்துக்கு முன்ன கோத்து வாங்குனது. அதுக்கப்புறம் இந்த வீட்ட விட்டு வெளிய போனது ஒரே ஒரு தடவ. அவ கழுத்துலதான் போச்சு."

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டயபுரம் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், பஜாரில் முத்து கோக்கும் மந்திரமூர்த்தி கடை முன்னால் செல்வராணி நின்று பேசியதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். முந்தாநாள் கேட் பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது அதைச் சந்தனமாரியிடம் சொன்னதும் நான்தான். நாலு பேச்சோடு பேச்சாக, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சம்பந்திக்குப் போன் போட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

அக்காவிடம் அதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ அந்தக் கடையிலதான் ஆரம்பிக்கணும்," என்றாள். "அதுக்கு முன்ன வீட்ட ஒரு எட்டுப் பாத்திருவோம்."

*

சந்தனமாரி வீட்டு ஹாலில் மகள் பிரேமா உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலி சாலையில் இருக்கிற சின்னப் புதுக்கோட்டையில் கட்டிக் கொடுத்தது. அரை மணி நேரப் பயணம்தான். அம்மாவுக்கு ஆறுதலாக மூன்று நாளாக இங்கேயே இருக்கிறாள். ஆறுதல் என்பது, அம்மா ஒன்று சொன்னால் அதற்கு மேல் இரண்டு சொல்வது. எங்களைப் பார்த்ததும், இதில் துப்பறிய என்ன இருக்கிறது, நான்கு மணிக்கு அவளை அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். செல்வராணியின் புருஷன் ஜெயகணேஷ் கடையில் இருந்தான். இந்தப் பிரச்சினை தொடங்கியதிலிருந்து அவனுக்குக் கடையில் சரக்கு அடுக்குகிற வேலை முடியவே இல்லை.

அக்கா அவசரப்படவில்லை. பிரேமா காதில் ஆடிய கம்மலைப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்றாள். பக்கத்துக்கு நான்கு முத்தாகத் தொங்கும் கம்மல். கவரிங்தான், சென்னையில் நடைபாதையில் முந்நூறு ரூபாய்க்கு எடுத்தது என்றாள் பிரேமா. எனக்கும் ஒன்று வேண்டும் என்று கடையின் அடையாளம் கேட்டேன். மறந்துவிட்டதாம். முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய கடையை எந்தப் பெண்ணாவது மறப்பாளா என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லார் மீதும் சந்தேகம். பேக்கரிக்காரர் மீதுகூட.

பிறகு அக்கா, நகையெல்லாம் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் மதினி, என்னுடைய சங்கிலி கறுத்துப் போய்க் கிடக்கிறது என்று ஒரு தூண்டிலைப் போட்டாள். சந்தனமாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தங்கத்துக்குப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுத் தண்ணீர், பிறகு பழைய பிரஷ். வெள்ளிக் கொலுசுக்குத் திருநீறு. வைரமூக்குத்திக்குச் சோப்புத் தண்ணீர், அதுவும் வடிகட்டியை அடியில் வைத்துக்கொண்டுதான், கல் கழன்றால் ஓடிப்போய்விடக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, பாத்திரக்கடை வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த வீட்டில் கறுத்துப் போன சாமான் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை என்றாள். அது உண்மை. கூடத்துக் குத்துவிளக்கில் என் முகம் தெரிந்தது. எனக்கே பிடிக்காத அளவுக்குத் தெளிவாக.

"முத்துக்கு?" என்றாள் அக்கா.

"அதுக்கு என்ன. துணியால தொடச்சு வைக்க வேண்டியதுதான்."

சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம். சொல்லிவிட்டு அவள் அடுக்களைப் பக்கம் பார்த்ததும் கொஞ்சம் அதிகம்.

அடுக்களையில் செல்வராணி இருந்தாள். வாசல் நிலையோரம் ஒரு பயணப் பை கட்டித் தயாராக இருந்தது. மாமியார் காலையிலேயே கட்டச் சொல்லிவிட்டாளாம். மந்திரமூர்த்தி கடைக்கு எதற்குப் போனாய் என்று அக்கா நேரடியாகக் கேட்டாள். அவள் கத்தரிக்காய் அரிவதை நிறுத்தவில்லை.

"நான் என்ன சொன்னாலும் எதுத்துப் பேசுதான்னுதான் ஆகும். அங்கனயே போய்க் கேளுங்க. அவருக்கு நான் மருமக இல்ல."

கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. அழுதிருந்தால் நான் நம்பியிருப்பேன். அழாததால், இவள் கெட்டிக்காரி, கவனமாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

*

மாலையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். அக்கா வழியெல்லாம் அதைத் துணியோடு மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஏளா ஜாய், நீ முத்து திருடுதன்னு வச்சுக்க."

"எதுக்குக்கா வச்சுக்கணும், நிசமாவே எடுத்துப் பையில போட்டுரவா?"

"எந்த முத்த மாத்துவ? முன்னாடி இருக்கிறதையா, பின்னாடி இருக்கிறதையா?"

யோசித்தேன். முன்னால் இருப்பதை ஊரே பார்க்கும். பின்னங்கழுத்தில் இருப்பதைக் கொண்டை மறைத்துவிடும். திருடுகிற எவளும் கொண்டை மறைக்கிற இடத்தில்தான் கை வைப்பாள். ஆனால் இங்கே தலைகீழாக இருக்கிறது. ஊர் பார்க்கிற முப்பத்திரண்டும் போலியாம், கொண்டைக்குள் ஒளிகிற எட்டும் அசலாம். செல்வராணி இவ்வளவு முட்டாளாக இருக்க முடியாது. கத்தரிக்காயை ஒரே அளவில் அரிகிறவள்.

"இன்னொண்ணு," என்று பதக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். வேலைப்பாட்டுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பழுப்பு நார் சிக்கியிருந்தது. மீன் வலையின் பிசிறு என்றேன் நான். தூத்துக்குடியில் எது சிக்கியிருந்தாலும் அதைத்தான் முதலில் சொல்வோம். அக்கா ஊசியால் அதை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மோந்து பார்த்தேன். நாவில் எச்சில் ஊறியது.

புளிக்கோது.

மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் கடை, கடை என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது. அவர் உட்கார்ந்தால் கடை நிறைந்துவிடும். வாடிக்கையாளர் தெருவில்தான் நிற்க வேண்டும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, செல்வராணி வந்தது உண்மைதான் என்றார். எதைக் கொண்டுவந்தாள் என்று கேட்டோம்.

எதையும் கொண்டுவரவில்லையாம். கேள்வியோடு மட்டும் வந்திருக்கிறாள். புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஒரு பகல் முழுக்க ஊறிய முத்துக்கு மறுபடி ஒளி வருமா என்பதுதான் அந்தக் கேள்வி.

"வராதும்மான்னு சொன்னேன். முத்து கல்லு இல்ல. சிப்பிக்குள்ள தோலு மேல தோலா வளருறது. புளிப்பு பட்டா அந்தத் தோலு அரிஞ்சு போயிரும். ஈரமா இருக்கும்போது நல்லாத்தான் தெரியும். காஞ்ச பொறவுதான் சுண்ணாம்பா வெளுக்கும். அந்தப் பிள்ளைக்கு மூஞ்சி செத்துப் போச்சு. யாரு ஊறப் போட்டான்னு கேட்டேன். சொல்லல, போயிட்டா."

வெள்ளைத் துணியை விரித்து மாலையை அதன் மேல் கிடத்தினார். முத்தைத் தொங்கவிட்டு வைக்கக் கூடாது, நூல் இழுத்துவிடும் என்று எங்களைத் திட்டினார். தங்கத்தோடு ஒரே முடிச்சில் கட்டியதற்கு இன்னொரு திட்டு. உரசி உரசிக் கீறல் விழுமாம், மெத்தென்ற துணியில் தனியாகத்தான் படுக்க வைக்க வேண்டுமாம். போட்டுக் கழற்றியதும் ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்தால் போதும், அதற்கு மேல் ஒரு வைத்தியமும் முத்துக்குத் தேவையில்லை என்றார். சென்ட் அடித்துக்கொண்ட பிறகுதான் மாலையைப் போட வேண்டும் என்றபோது என்னைப் பார்த்தார். நான் சென்ட் அடிப்பது ஆட்டோக்காரருக்கே தெரியும்.

"அப்போ இந்த வெளுத்த முப்பத்திரண்டு?" என்றாள் அக்கா.

"அம்புட்டும் அசலு. அசலா இருக்கப்போய்த்தான் வெளுத்திருக்கு."

வெளுத்தவற்றை நான் குனிந்து மறுபடி பார்த்தேன்.

"மங்காத எட்டு?"

அவர் மாலையை என்னிடம் நீட்டி, பளபளப்பாக இருக்கிற ஒன்றைப் பல்லில் மெல்ல உரசிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி வழுக்கியது. முத்து மணல் மாதிரி நறநறக்க வேண்டுமாம். பிறகு நூலைக் காட்டினார். நாலு வருஷத்துக்கு முன் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்காக அவரே கோத்த மாலை இது. முத்துக்கு ஒரு முடிச்சு, வெள்ளைப் பட்டு நூல். அந்த நூல் புளித்தண்ணீரில் ஊறித் தேயிலை நிறத்துக்குப் போயிருந்தது. ஆனால் எட்டு முத்துக்கு நடுவே ஓடிய இழை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அங்கே முடிச்சும் இல்லை.

"தங்கூஸ்," என்றார். "தூண்டில் போடுற நரம்பு. இது என் கை வேல இல்ல."

"இந்த ஊருல பாதி வீட்டுல தங்கூஸ் கெடக்கு. எல்லாரையும் பிடிச்சிரலாமாக்கா?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, நாலு வருஷத்தில் அந்த மாலையை நீ யார் யார் கழுத்தில் பார்த்தாய், யோசித்துச் சொல் என்றாள்.

யோசிக்க என்ன இருக்கிறது. ஜெயகணேஷ் கல்யாணத்தில் சந்தனமாரி கழுத்தில், அதுவும் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில்தான். போன மாதம் செல்வராணி கழுத்தில். அதற்கு நடுவில் பிரேமாவின் வளைகாப்பு. புதுக்கோட்டையில் நடந்தது. மாலையைப் போட்டுக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள். பிரசவத்துக்கு இங்கே வரும்போதுதான் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒரு மாதம் அங்கே இருந்தது.

"ஒரே தடவதான் வெளிய போச்சுன்னு மதினி சொன்னாளே," என்றேன்.

"அவ பொய் சொல்லலளா. மருமக போட்டுட்டுப் போனா அது வெளிய. மக வீட்டுக்குப் போனா அது வெளிய இல்ல. அவ கணக்குல அப்படித்தான்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

*

திரும்பி வரும்போது மூன்றரை. அக்கா ஹாலில் உட்கார்ந்து, எல்லாரையும் வரச் சொன்னாள். செல்வராணி அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

எந்தக் கடையில் விற்றாள் என்று சந்தனமாரி கேட்டாள்.

எந்தக் கடையிலும் விற்கவில்லை, முப்பத்திரண்டும் அசல் என்றாள் அக்கா. புளிக்கோதைத் தாளில் வைத்து நீட்டினாள். பழுப்பேறிய நூலைக் காட்டினாள். மந்திரமூர்த்தி சொன்னதை அப்படியே சொன்னாள். சந்தனமாரி முதலில் இல்லவே இல்லை என்றாள். பிறகு, பதக்கத்தில் சந்தனமும் வியர்வையும் அப்பிக் கறுத்திருந்தது, அதற்காகத்தான் என்றாள். பித்தளைக்குப் போடுகிற புளிதானே, தங்கத்தை என்ன செய்துவிடும் என்று நினைத்தாளாம். காலையில் போட்டவள், திருச்செந்தூர் போய்விட்டுச் சாயங்காலம்தான் வந்து எடுத்தாள். ஈரத்தோடு துணியில் முடிந்து வைத்துவிட்டாள்.

"முத்தப் போடாதீங்க அத்தைன்னு அவ சொல்லத்தான் செஞ்சா," என்றாள், செல்வராணியைப் பார்க்காமல். "நேத்து வந்தவ எனக்குச் சொல்லித் தாரியான்னு கேட்டேன்."

அண்ணாச்சி வாங்கிப் போட்டதைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது போலிருக்கிறது. மாலையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். என்ன இருந்தாலும் பாவமாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் பிரேமா எழுந்தாள். யாரும் எதையும் எடுக்கவில்லை என்று ஆகிவிட்டது இல்லையா, விட்டுவிடலாம், வேம்பாருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றாள். மூன்று நாளாக அவளை அனுப்பு, அனுப்பு என்று அம்மா காதில் ஓதியவளுக்கு இப்போது திடீரென்று சமாதானத்தின் மேல் இவ்வளவு ஆசை.

"இன்னும் எட்டு இருக்கு," என்றாள் அக்கா.

மங்காத எட்டுத்தான் போலி என்றாள். தங்கூஸ் இழையையும் காட்டிவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பி, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் புளி கரைத்துத் தா என்றாள். செல்வராணி கொண்டுவந்து நடு மேசையில் வைத்தாள்.

"பிரேமா, அந்தக் கம்மலக் கழத்தி இதுல போடு."

"எதுக்கு?"

"கவரிங்னா ஒண்ணும் ஆகாது. ஆகிப் போனாலும் முந்நூறு ரூபாதானே, நான் வேற வாங்கித் தாரேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கவரிங்காரன் எட்டு முத்தையும் ஒரே அச்சுல ஊத்துவான். உன் காதுல இருக்கிறது ஒண்ணு கொஞ்சம் பெருசு, ஒண்ணு கொஞ்சம் சிறுசு. காலையிலயே பாத்தேன்."

பிரேமாவின் கை இரண்டும் தானாகக் காதுக்குப் போயின. கழற்றுவதற்கு அல்ல. பொத்திக்கொள்வதற்கு.

சந்தனமாரிக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கவில்லையா, விளங்க இஷ்டமில்லையா, அது அவளுக்குத்தான் தெரியும்.

"போடேன்ளா. கவரிங்தானே," என்றாள்.

பிரேமா போடவில்லை. அம்மாவைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். இன்னும் ஒருமுறை சந்தனமாரி போடு என்றாள். குரல் பாதியில் இறங்கிப்போனது.

"எங்கப்பா வாங்குனது," என்றாள் பிரேமா கடைசியில். "மால மருமகளுக்குத்தான்னு நீ அண்ணன் கல்யாணத்தன்னிக்கே ஊரெல்லாம் சொல்லிட்ட. எனக்கு ஒண்ணும் இல்லையா? எட்டே எட்டுத்தான் எடுத்தேன்."

"அப்போ கேக்க வேண்டியதுதானளா."

"கேட்டா தந்திருப்பியா?"

பிரேமா உட்கார்ந்துகொண்டு, முத்தெல்லாம் மாறிப்போச்சு என்று கத்தியது அம்மாதான், நான் செல்வராணி பெயரைச் சொல்லவே இல்லை என்றாள். சொல்லவில்லைதான். அம்மா சொன்னபோது ஆமாம் போட்டது மட்டும்தான் அவள். அந்த ஆமாமுக்குக் காலையிலிருந்து வாசலில் ஒரு பை காத்துக் கிடந்தது. அதில் என் கேட் பேச்சும் கொஞ்சம் மடித்து வைத்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. அதனால் அந்த நேரத்தில் நான் யாரையும் கேலி செய்யவில்லை.

*

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாண்டியராஜ் வந்தார். உப்பளத்திலிருந்து அப்படியே வந்த மனிதர். காலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றியவர் உள்ளே வரவில்லை. வாங்க என்று யாராவது சொன்னால் வருவோம் என்பது போல நின்றார். மகள் பையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்த மனிதர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சந்தனமாரி எழுந்தாள். முப்பத்தெட்டு வருஷம் கடைக்கார வீட்டில் இருந்தவள், எந்த நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

"வாங்க சம்பந்தி. வெயில்ல வந்திருக்கீங்க. செல்வராணி, அப்பாவுக்குக் காப்பி போடும்மா."

செல்வராணி அசையவில்லை.

"காப்பி பொறவு போடுதேன் அத்தை. நேத்து அப்பாகிட்ட போன்ல ஒண்ணு சொன்னீங்கல்லா. அது தப்புன்னா, அதையும் நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா எங்கப்பா நம்புவாரு. ஆனா ஊருல கேக்குறவங்களுக்கு அவரு என்னன்னு சொல்லுவாரு?"

குரலை உயர்த்தவே இல்லை. கத்தரிக்காய் அரிகிற அதே நிதானம்தான்.

சந்தனமாரி என்னைப் பார்த்தாள், நான் வெளியே போய்விட மாட்டேனா என்ற ஆசையோடு. அக்காவும் என்னைப் பார்த்தாள், போகலாம் என்று. நான் போகவில்லை. இந்தத் தெருவில் ஒரு பேச்சு என் வாயிலிருந்து கிளம்பி இந்த வீடு வரை வந்திருக்கிறது. அது திரும்பிப் போகிற வழியிலும் ஒருத்தி நிற்க வேண்டாமா? நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

சந்தனமாரி முந்தானையை இழுத்துச் சொருகினாள். பிரேமாவைப் பார்க்கவில்லை. பாண்டியராஜையும் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"உங்க பொண்ணு எடுக்கல சம்பந்தி. எடுத்தது என் பொண்ணு. கெடுத்தது நான்."

பாண்டியராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம். பிரேமா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

செல்வராணி அடுக்களைக்குள் போனாள். காப்பி போட்டாள். அப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கொடுத்தாள். மாமியாருக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். எல்லாம் முடிந்தது, இனி பையை உள்ளே எடுத்து வைப்பாள் என்று நினைத்தேன். சந்தனமாரியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவளே குனிந்து பையின் காதைப் பிடித்தாள்.

செல்வராணி அதை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நான் அப்பாகூடப் போயிட்டு வாரேன் அத்தை. இப்போ நீங்க அனுப்பல, நானாப் போறேன். என்னக் கூட்டிட்டு வர உங்க மகன அனுப்பாதீங்க. நீங்க வாங்க."

சந்தனமாரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனை திரும்பும் வரை இருவரும் தெரிந்தார்கள். அப்பா பையை வாங்கப் பார்க்கிறார், மகள் கொடுக்க மாட்டேன் என்கிறாள். அவர்கள் மறைந்த பிறகும் அவள் உள்ளே போகவில்லை.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். படி இறங்கி என் வீட்டு வாசலை எட்டியிருக்க மாட்டேன், பின்னாலிருந்து சந்தனமாரி கூப்பிட்டாள். தெருவில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தானே.

"ஏளா ஜாய், வேம்பாருக்குக் காலையில மொத பஸ் எத்தன மணிக்கு?"